அந்த அறுபது விநாடி எனக்கு வேண்டும்

குத்துச்சண்டை விளையாட்டு எது கைக்கு வந்தாலும் நான் முதலில் கவனிப்பது சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே வரும் அந்த அறுபது விநாடியைத்தான். மணி அடிக்கிறது, இரண்டு பேரும் அவரவர் மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் விளையாட்டு எனக்கு என்ன வேலை கொடுக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் கொடுப்பதில்லை. போன சுற்றில் விழுந்த நல்ல குத்தை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். பட்டனை அழுத்தினால் அடுத்த சுற்று வந்துவிடும். குத்துச்சண்டையில் ஆள் உட்கார்ந்து யோசிக்கிற இடமே அதுதான். அதைத் தாண்டிப் போகச் சொல்கிறார்கள்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். செம்பனை எண்ணெய் ஆலையில் எடைப்பாலத்தில் வேலை. குலை ஏற்றி வரும் லோரிகளுக்கு எடை பார்த்துச் சீட்டு கொடுக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் உடனே தூக்கம் வராது. அப்போதுதான் கணினியைப் போடுவேன். இந்த ஊரில் காற்பந்தைப் பற்றிப் பேச எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் ஆள் கிடைக்கும். கணினியில் குத்துச்சண்டை என்றால் நானும், மோட்டார் பட்டறை வைத்திருக்கும் என் நண்பனும்தான். இரண்டு பேரும் பேசிப் பேசி எங்களுக்குள் சேர்ந்துபோன ஆசைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மூலையின் மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு என் தாய்மாமாதான் காரணம். நாங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் மாலை வேளைகளில் அவர் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுப்பார். பால் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன இடம். கோணிப்பையில் பழைய துணியும் மரத்தூளும் அடைத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். கையுறை இரண்டு ஜோடிதான், அதையே மாற்றி மாற்றிப் போட வேண்டும். சண்டை விட்டுப் பார்க்கும் நாளில் மாமா மூலையில் நிற்பார். வாஸ்லினை முன்கூட்டியே தன் புறங்கையில் தடவி வைத்திருப்பார். பையன் வந்து உட்கார்ந்ததும் உடனே பேச மாட்டார். மூச்சு இறங்கட்டும் என்று காத்திருப்பார். ஈரத் துணியால் முகத்தைத் துடைப்பார். புறங்கையிலிருந்து கட்டைவிரலால் வாஸ்லினை வழித்துப் புருவ எலும்பின் மேல் ஒரே இழுப்பாகப் பூசுவார். தோல் வழுவழுப்பாக இருந்தால் குத்து வழுக்கிப் போகும், கிழியாது. எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்வார்: "ஜாப் விட்டுட்டு அவன் கைய கீழயே வெச்சிருக்கான், பாத்தியா? அந்தப் பக்கம் வா." ஜாப் என்றால் முன்னால் இருக்கும் கையால் நேராகப் போடும் குத்து. அவ்வளவுதான். இரண்டாவதாக ஒன்று சொன்னால் பையன் இரண்டையும் மறந்துவிடுவான் என்பது அவர் கணக்கு.

இதை அப்படியே ஒரு விளையாட்டில் வைக்க முடியும். என் ஆள் நன்றாக இருந்தால் மூன்று விஷயம் சொல்லலாம். அடி வாங்கிக் களைத்திருந்தால் ஒன்றுதான் ஏறும். பயந்திருந்தால் அதுவும் பாதிதான். எதைச் சொல்வது, எதை விடுவது, வீக்கத்தைப் பார்ப்பதா வெட்டைப் பார்ப்பதா, தண்ணீர் கொடுப்பதா திட்டுவதா என்று அறுபது விநாடிக்குள் நான் முடிவு செய்ய வேண்டும். இதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் எதுவும் தேவையில்லை.

ஒரு காலத்தில் இதற்குப் பக்கத்தில் வந்திருந்தார்கள். ஈஏ நிறுவனத்தின் ஃபைட் நைட் ரவுண்ட் 3, 2006-இல் வந்தது. அதில் இடைவேளையில் நம் கையாலேயே வெட்டுக்குப் பஞ்சு ஒற்றலாம், வீக்கத்தின் மேல் குளிர்ந்த இரும்பை வைத்து அமுக்கலாம். ஸ்டிக்கைச் சுற்றிச் சுற்றிச் செய்ய வேண்டும். கொஞ்சம் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும், ஆனாலும் எந்தக் கண் மோசம் என்று நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்தேன். 2009-இல் வந்த ரவுண்ட் 4 இதை எடுத்துவிட்டு, புள்ளிகளைப் பிரித்துப் போடும் முறையாக்கியது. தெம்புக்கு இவ்வளவு, காயத்துக்கு இவ்வளவு என்று. கையில் இருந்த வேலை கணக்காகிப் போனது. ரவுண்ட் 4 குத்து விழும் விதத்தில் பெரிய முன்னேற்றம் கொண்டுவந்தது, அதை மறுக்க மாட்டேன். அதற்கு முன் குத்து பட்டது, படவில்லை என்று இரண்டே நிலைதான். ரவுண்ட் 4 இயற்பியல் கணக்கை வைத்து ஓடியதால் கை பாதி தோளில் உரசி, பாதி கன்னத்தில் பட்டது, அதற்கேற்ற வலிதான் இருந்தது. உண்மையான சண்டையில் முக்கால்வாசிக் குத்துகள் அப்படித்தான் விழுகின்றன.

2011-இல் ஃபைட் நைட் சாம்பியன். அதன் பிறகு அந்த வரிசையே நின்றுபோனது. அதுவும் பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்தது. கணினி வைத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு வரவே இல்லை. நாங்கள் பட்டறை நண்பன் வீட்டில் பழைய பிளேஸ்டேஷனை வைத்துத்தான் ஆடினோம். அப்புறம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து ஸ்டீல் சிட்டி இன்டராக்டிவ் என்ற புதிய நிறுவனம் அன்டிஸ்பியூட்டட் விளையாட்டைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் முன்கூட்டியே ஆடக் கொடுத்தார்கள், முழு வடிவம் 2024 அக்டோபரில் வந்தது. ஈப்போவில் வாங்கிய பழைய கணினியில் எல்லாவற்றையும் குறைத்து வைத்து ஓட்டினேன். கால் நகர்வை அவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். ஜாப் போட்டுக்கொண்டே விலகிப் போகும்போது உண்மையிலேயே தூரத்தை அளந்து நிற்கிற உணர்வு வருகிறது. நீண்ட கால ஆட்டத்தில் பயிற்சியாளரையும் வெட்டு பார்ப்பவரையும் சம்பளத்துக்கு வைக்கலாம். ஆனால் அவர்களை வைத்தபிறகு எனக்கு அவர்கள் எண்களாகத்தான் தெரிகிறார்கள். என் மாமா ஒரு எண்ணாக இருந்ததில்லை.

மூலை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1990 மார்ச் 17, லாஸ் வேகாஸ் சண்டை. ஹூலியோ சேசர் சாவேஸும் மெல்ட்ரிக் டெய்லரும் மோதினார்கள். இரண்டு பேரும் அதுவரை தோற்றதில்லை. டெய்லர் கை வேகத்தில் சாவேஸை விட எங்கேயோ இருந்தார். சுற்றுகளை வரிசையாக வென்றுகொண்டே வந்தார். சாவேஸ் அடித்தது குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே இறங்கியது. பதினொரு சுற்று முடிந்தபோது மூன்று புள்ளி நடுவர்களில் இருவரிடம் டெய்லர் வெகுவாக முன்னால் இருந்தார். கடைசிச் சுற்றை ஓடி ஓடிக் கழித்திருந்தாலே போதும். ஆனால் அவருடைய மூலையில், இந்தச் சுற்று உனக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போய் நின்று அடித்தார். கடைசி நேரத்தில் விழுந்தார், எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் அவரிடம் உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார், பதில் வரவில்லை, சண்டையை நிறுத்திவிட்டார். முடிய இரண்டு விநாடி பாக்கி. ஸ்டீல் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். நான் அதில் நுழைய மாட்டேன். எனக்கு அந்தப் பதினொன்றாவது சுற்றுக்குப் பிந்தைய ஒரு நிமிடம்தான் கண்ணிலேயே நிற்கிறது. அங்கே சொன்ன ஒரு வார்த்தை ஒருவருடைய வாழ்க்கையை மாற்றியது.

இந்தச் சண்டையை நான் டைட்டில் பவுட்டில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: டைட்டில் பவுட் படமே இல்லாத குத்துச்சண்டை விளையாட்டு. ஜிம், டாம் ட்ரன்ஸோ என்ற அமெரிக்கச் சகோதரர்கள் முதலில் அட்டைகளை வைத்து மேசையில் ஆடும் விளையாட்டாக உருவாக்கினார்கள், அவலான் ஹில் நிறுவனம் அதை வெளியிட்டது. பிறகு கணினிக்கு வந்தது. ஒவ்வொரு வீரருக்கும் குத்தின் பலம், தாங்கும் சக்தி, சீக்கிரம் தோல் கிழியுமா கிழியாதா, சண்டையைத் தன் கட்டுக்குள் வைத்திருக்கும் திறன் என்று தனித்தனியாக மதிப்பு இருக்கும். எந்தக் காலத்து வீரரையும் எந்தக் காலத்து வீரரோடும் மோத விடலாம். சண்டை வரி வரியாக எழுத்தில் ஓடும். சுற்றுக்குச் சுற்று நாம் சொல்லலாம்: நெருங்கிப் போ, தள்ளி நில், மூடிக்கொள், முடித்துவிடு.

ஒரு நாள் என் அண்ணன் மகன் பின்னால் வந்து நின்று பார்த்தான். திரையில் வெறும் எழுத்து.

"சித்தப்பா, இதுல நீங்க அடிக்கவே மாட்டீங்களா?"

"நான் அடிக்கிறது இல்லடா. அவங்கதான் அடிக்கிறாங்க. நான் சொல்லி அனுப்புறேன்."

"அவங்க கேக்கலன்னா?"

நல்ல கேள்வி. டெய்லரை அன்றைக்குப் பன்னிரண்டாவது சுற்றில் மூடிக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தேன். வரிகள் ஒவ்வொன்றாக இறங்கின. விலகுகிறார், சாவேஸ் துரத்துகிறார், கயிற்றில் சாய்கிறார், விலா எலும்பில் ஒரு ஹுக். பையன் எதுவும் பேசாமல் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். சாவேஸின் வலது கை தாடையில் விழுந்தது என்று ஒரு வரி வந்தபோது அவன் பிடி இறுகியது எனக்குத் தெரிந்தது. டெய்லர் அன்றைக்கு நின்று முடித்தார், புள்ளியில் வென்றார். வேறு நாட்களில் அதே கட்டளைக்கு அதே டெய்லர் கயிற்றோரம் மாட்டிக்கொண்டு விழுந்ததும் உண்டு. கையில் அலைபேசியை வைத்துக்கொண்டு பளபள என்று ஓடும் விளையாட்டுகளையே ஆடுகிற பிள்ளை அன்றைக்குப் பள்ளிப்பாடத்தை விட்டுவிட்டு இன்னொரு சண்டை கேட்டான்.

அவன் கேட்ட கேள்வி என் ஆசைகளில் முக்கியமானது. சொன்னதைக் கேட்காத வீரர் வேண்டும். பிடிவாதக்காரர் இருக்க வேண்டும். அடி விழுந்ததும் கோபத்தில் எல்லாவற்றையும் மறந்து பாய்கிறவர் இருக்க வேண்டும். என்னோடு பல வருடம் இருந்த ஆள் நான் கண்ணைக் காட்டினாலே புரிந்துகொள்ள வேண்டும், புதிதாகச் சேர்ந்தவருக்கு நான் கத்தினாலும் காதில் ஏறக் கூடாது. இப்போதைய விளையாட்டுகளில் வீரர் என் விரலின் நீட்சிதான். நான் அழுத்தினால் அடிக்கிறார். களைத்தால் மெதுவாக அடிக்கிறார். அவருக்கென்று ஒரு மனசு இல்லை.

கணினியும் குத்துச்சண்டையும் சேர்ந்த கதை ரொம்பப் பழசு. 1967-இல் மரே வொரோனர் என்ற அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் எல்லாக் காலத்து ஹெவிவெயிட் வீரர்களையும் ஒரு என்சிஆர் 315 கணினியில் மோத விட்டார். நிபுணர்களிடம் கேட்டு ஒவ்வொருவரின் பலம், பலவீனத்தை எண்ணாக்கிக் கணினிக்குக் கொடுத்தார்கள். முடிவை வானொலியில் நேர்முக வர்ணனை போல ஒலிபரப்பினார்கள். ராக்கி மார்சியானோ கடைசியில் ஜாக் டெம்ப்சியை வென்றார். முகமது அலியோ ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகக் கணினி சொன்னது. அலி கொதித்துப் போய்ப் பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்து, 1969-இல் அலியும் மார்சியானோவும் கேமரா முன்னால் சண்டை போட்டு நடித்தார்கள். ஓய்வு பெற்றுப் பல வருடமாகியிருந்த மார்சியானோ அதற்காக உடல் இளைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டு வந்தார். படம் திரைக்கு வரும் முன்பே, ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20 அன்று படத்தைக் காட்டினார்கள். பதின்மூன்றாவது சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் அலி வெல்வது போன்ற வேறு முடிவையும் காட்டினார்கள்.

அந்தக் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு விஷயத்தில் பிடிவாதம் வந்துவிட்டது. பாவனைச் சண்டை நடத்தும் கணினி ஏன் அப்படித் தீர்ப்புச் சொன்னது என்று எனக்குக் காட்ட வேண்டும். எந்தச் சுற்றில் கால் தளர்ந்தது, எந்தக் குத்து எவ்வளவு எடுத்தது, எந்த மதிப்பை வைத்து அது கணக்குப் போட்டது என்று சண்டை முடிந்ததும் நான் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். மதிப்புகள் தப்பு என்று பட்டால் திருத்தவும் விட வேண்டும். அலி நீதிமன்றம் போனார். எனக்கு ஒரு திருத்தும் பக்கம் போதும்.

புள்ளி நடுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேர் மூன்று பக்கத்தில் உட்காருகிறார்கள், ஒருவர் கண்ணுக்குத் தெரியும் குத்தை இன்னொருவருக்கு வீரரின் முதுகு மறைக்கும். சுற்றை வென்றவருக்கு உரிய பத்துப் புள்ளியை ஒருவர் முன்னேறிப் போகிறவருக்குப் போடுவார், இன்னொருவர் சுத்தமாக விழும் ஜாப்புக்குப் போடுவார். விளையாட்டு இதை வைத்தாலே போதும். நடுச் சண்டையில் புள்ளியை எனக்குக் காட்டவே கூடாது. டெய்லரின் மூலையில் இருந்தவர்களுக்கும் யாரும் காட்டவில்லை.

இனி எல்லாவற்றிலும் பெரிய ஆசை. அதை எழுத மறுபடியும் மாமாவிடம்தான் போக வேண்டும்.

1975 ஜூலை 1 அன்று முகமது அலி கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரோடு மோதினார். பதினைந்து சுற்றும் போய்ப் புள்ளியில் அலி வென்றார். மாமாவுக்கு அதைப் போய்ப் பார்க்க வசதி இல்லை. ஆனால் பத்திரிகையில் படித்ததையும் போய் வந்தவர்கள் சொன்னதையும் சேர்த்து, தானே கயிற்றோரம் நின்றதைப் போலச் சொல்வார். அந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அவர் மெதுவாகச் சொல்லும் கதை அதற்கு அடுத்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 1 அன்று, மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும். வேகிற வெக்கையில் பதினான்கு சுற்று. ஃபிரேசியரின் இடது கண்ணில் பார்வை முன்னமே மங்கல், வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. வருகிற வலது கை அவருக்குத் தெரியவே இல்லை. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும் முன் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். ஃபிரேசியர் வேண்டாம் வேண்டாம் என்றார். ஃபட்ச் கேட்கவில்லை.

மாமா சொல்வார்: "அன்னிக்கு ஜெயிச்சது அலி. சரியான வேலை செஞ்சது அந்த மனுசன்."

1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அலி அடி வாங்கியபோதும் பத்தாவது சுற்றுக்குப் பிறகு அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி நிறுத்தினார். 1984-இல் அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று கண்டறிந்தார்கள். தலையில் தொடர்ந்து அடி வாங்குகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பது அதற்கெல்லாம் ரொம்ப முன்பே தெரியும். 1928-இலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் தடுமாற்றத்தைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்த பிறகுதான் பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின.

விளையாட்டுகளில் என்ன நடக்கிறது? சண்டை முடிந்ததும் முகம் பழையபடி ஆகிவிடும். அடுத்த மாதம் புத்தம் புதிதாக வருவார். பல வருட ஆட்டத்தில் வயது ஏறினால் எண்கள் இறங்கும், அவ்வளவுதான். நான் கேட்பது வாங்கிய அடி உடம்பில் தங்குகிற விளையாட்டு. அதையும் எண்ணாகக் காட்டக் கூடாது. எங்கள் ஆலையில் குலை பழுத்ததா என்று தெரிய யாரும் அதை வெட்டிப் பார்ப்பதில்லை, உதிர்ந்திருக்கும் பழத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்த மாதிரி அடையாளங்களை வைத்து நானே கண்டுபிடிக்க வேண்டும். ஜாப் போட்ட கை கன்னத்துக்குத் திரும்ப முன்பைவிடக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. பயிற்சியில் சின்னப் பையனின் குத்து படுகிறது. முன்பு சொன்ன கதையையே மறுபடி சொல்கிறார். "இன்னும் ஒரு சண்டை அண்ணே, வீட்டுக் கடன் முடிஞ்சிடும்" என்கிறார். நான் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? மூலையிலிருந்து டவலை எறிந்து சண்டையை நிறுத்தினால் தோல்வி என்று பதிவாகும், அவர் என்னோடு பேசாமல் போகலாம், வேறு ஆளிடம் போய்ச் சேரலாம். எறியாவிட்டால் என்ன ஆகும் என்று விளையாட்டு எனக்கு முன்னாலேயே சொல்லக் கூடாது. எடி ஃபட்சுக்கு அன்றைக்கு இருந்த கனத்தில் ஒரு பங்காவது என் கையில் இருக்க வேண்டும். இப்படி ஒன்றை யாராவது செய்துவிட்டால் மற்ற எல்லா ஆசைகளையும் நான் விட்டுக்கொடுக்கத் தயார்.

விட்டுக்கொடுக்கத் தயார் என்றாலும் இன்னும் சில இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் மோதுவது. பட்டறை நண்பன் ஐரோப்பாவில் இருக்கிறவர்களோடு ஆடிப் பார்த்து வெறுத்துப் போய்விட்டான். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். இங்கிருந்து லண்டனுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப எப்படிப் பார்த்தாலும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். விநாடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் அது ஆறு படம். ஜாப் கிளம்பியதைப் பார்த்துத் தலையைச் சாய்க்க நினைக்கும்போது அது ஏற்கனவே மூக்கில் இருக்கும். அதனால்தான் மூலையில் நின்று ஆடும் விளையாட்டு எங்களைப் போன்ற தூர ஊர்க்காரர்களுக்குச் சரிப்படும். சுற்றுக்கு ஒரு கட்டளை என்றால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரோடும் சமமாக ஆடலாம்.

பிறகு ஊர். சண்டை என்றால் எப்போதும் லாஸ் வேகாஸ்தானா? 2018 ஜூலையில் பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ் லூகாஸ் மத்தீசை ஏழாவது சுற்றில் வீழ்த்தியது நம் கோலாலம்பூர் அக்சியாத்தா அரங்கத்தில். பெரிய மேடை அது. எனக்கு அதற்குக் கீழே உள்ளதும் வேண்டும். சின்ன ஊரின் மண்டபத்தில் நான்கு சுற்றுச் சண்டை, மேலே மின்விசிறி, ஈரக் காற்று, மூன்றாவது சுற்றிலேயே தெம்பு இறங்கும் உடம்பு. காலையில் ஆலைக்கோ தோட்டத்துக்கோ வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற வீரர். தீபாவளிக்கு அடுத்த வாரம் எடை பார்க்கும் நாள் இருந்தால் அவர் படும் பாடு. எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்தினால் மூளையைச் சுற்றியுள்ள நீரும் குறைந்து அடி இன்னும் மோசமாக இறங்கலாம் என்பதால் அங்கேயும் எனக்கு ஒரு முடிவு இருக்கிறது.

பெரிய பெயர்கள் இல்லாவிட்டாலும் எனக்குக் குறையில்லை. குத்துச்சண்டைக்குக் காற்பந்து போல ஒரே சங்கம் கிடையாது. உலகப் பட்டம் கொடுப்பதே நான்கு அமைப்புகள். வீரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதிலேயே பணமும் காலமும் கரைந்துவிடுகின்றன. அந்தப் பணத்தில் பாதியை மூலைக்குச் செலவழித்தால் போதும், வீரர்களை நாங்களே உருவாக்கிக்கொள்வோம்.

அப்புறம் வர்ணனை. எழுத்தில் ஓடும் விளையாட்டுக்குத் தமிழ் கொடுப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. சில ஆயிரம் வரிகள், நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு பேர். இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு உடனுக்குடன் எழுதித் தரும் என்கிறார்கள். எழுதட்டும், ஆனால் அதற்கு முன் மாமாவைப் போல நான்கு பேர் பேசுவதை உட்கார்ந்து கேட்க வேண்டும். "வயித்துல விழுந்துச்சு, மூச்சு போச்சு, கைய எறக்கிட்டான் பாரு" என்று அவர் சொல்லும்போது சண்டை கண் முன்னால் நடக்கும்.

நானும் நண்பனும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. டைட்டில் பவுட்டில் சொந்தமாக வீரர்களைச் சேர்க்கலாம் என்பதால், மாமா காலத்துத் தோட்டத்து வீரர்களை எக்செலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஞாயிறு காலை மாமா பசியாறி முடித்ததும் நான் மடிக்கணினியோடு போய் உட்காருவேன். உயரம், எடை, எந்தக் கை முன்னால், குத்து பலமா வேகமா என்று கேட்டுக் கேட்டு நிரப்புகிறோம். எடை விஷயத்தில் அவர் ஞாபகம் அபாரம். அந்தக் காலத்தில் ரப்பர் நிறுக்கும் தராசிலேயே பையன்களையும் நிறுத்திருக்கிறார். போன வாரம் தாங்கும் சக்தியில் வந்து நின்றோம். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் அவர் எண் சொல்ல மாட்டேன் என்கிறார். யார் அடித்தார்கள், எந்தச் சுற்றில், முந்தின நாள் அவன் சாப்பிட்டானா இல்லையா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். நண்பன் எல்லாருக்கும் ஆறு என்று போட்டுவிடலாம் என்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகத் தனிப் பத்தி திறந்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அதிலிருந்து தொடங்குகிறோம்.